வால்வண்டியின் கொண்டை ஊசி

மாமா, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். "உப்பில்லாத கதைய யாரும்மா கேப்பா?" என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். இந்தக் கதையில் உப்பெல்லாம் நீங்கள் போட்டதுதான்.

இன்று மாலை விடுதியில் என் பழைய பூகோளப் புத்தகத்தைத் திறந்தேன். நதிகளைப் பற்றிய பாடத்தில் அந்தச் சிறிய இரும்பு ஊசி இருந்தது. பெண்கள் கொண்டையில் செருகுவது போலவே இரண்டு கால்கள்; ஆனால் அதைவிடத் தடி. தாளில் அதன் உருவம் துருவாகப் பதிந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். இன்னும் வண்டி மசகு வாசனைதான். நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. ஆனாலும் ஒரு நொடி உங்கள் மோட்டாரின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மோட்டாரை வாங்கியபோது அம்மா இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு மோட்டார் எதற்கு என்பது அம்மாவின் கேள்வி. தறி மரங்களை வாலாஜாபாத்திலிருந்து ஏற்றிவரத்தான் என்றீர்கள். மோட்டாருக்குள் மரம் எப்படி நுழையும்? பழைய ஜட்கா ஒன்றின் அச்சையும் சக்கரங்களையும் வாங்கி, மேலே பலகை அடித்து, மோட்டாருக்குப் பின்னால் கட்டி இழுக்க ஒரு வண்டி செய்தீர்கள். அதற்கு வால்வண்டி என்று பெயரும் வைத்தீர்கள்.

முதலில் அதை எதனால் கட்டினீர்கள் என்பதை நம் ஊருக்கு வெளியே சொன்னால் நம்பமாட்டார்கள். கழிவுப் பட்டு நூலை முறுக்கித் திரித்த கயிறு! "பட்டு அறாதும்மா" என்றீர்கள். உண்மைதான், அறவில்லை. ஆனால் முதல் இறக்கத்திலேயே வால்வண்டி ஓடிவந்து மோட்டாரின் முதுகில் மோதியது. கயிற்றுக்கு இழுக்கத்தான் தெரியும், பின்னால் வருவதைத் தடுத்து நிறுத்தத் தெரியாது என்று நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அடுத்தது கொக்கியும் வளையமும். ஐயம்பேட்டைக்கு அருகே ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. வளையம் கொக்கியை விட்டுத் துள்ளி வெளியே வந்தது. நல்லவேளையாக வண்டி காலி. மூன்றாவது முறைதான் கொல்லரிடம் போனீர்கள். நீளமான இரும்புத் தண்டு, அதன் முனையில் துளை, துளைக்குள் இறங்கும் விரல் தடிமன் ஆணி. அந்த ஆணி மேலே எழும்பாமல் இருக்க அதன் அடிமுனையில் குறுக்கே செருகுவதற்கு இந்தக் கொண்டை ஊசி. அதோடு விடாமல் இரண்டு சங்கிலிகளும் கேட்டீர்கள்.

"இன்னா நைனா, வண்டிக்கா, கோயில் யானைக்கா?" என்றார் கொல்லர்.

அந்தச் சங்கிலிகளை வண்டியிலிருந்து மோட்டாருக்கு, தண்டுக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கே மாட்டினீர்கள். ஏன் நேராக மாட்டவில்லை என்று கேட்டேன். நீங்கள் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் குழந்தையை ஏந்துவது போலக் காட்டினீர்கள். "தண்டு கீழ உழுந்தா தரையில குத்தக் கூடாது. இதுமேல உழணும்."

ஊசி போடும் வேலையை எனக்குக் கொடுத்தீர்கள். செருகி, இரண்டு கால்களையும் விரித்துவிட வேண்டும். அந்தப் பதவி எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று வாலாஜாபாத்தில் மரம் ஏற்றி முடிந்ததும் ஆணியை இறக்கிவிட்டு ஊசியை என்னிடம் தந்தீர்கள். யாரோ கயிற்றை இறுக்கக் கூப்பிட, பின்பக்கம் போனீர்கள். என் மற்றொரு கையில் பூகோளம். காற்றில் பக்கம் புரண்டது. பாடம் தவறிவிடக் கூடாது என்று ஊசியைத் தாளுக்கிடையே வைத்தேன். ஒரே நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்றுதான். அதற்குள் "ஏறும்மா" என்றீர்கள். ஏறினேன். "ஊசி போட்டியா?" என்று கேட்டீர்கள். தலையை நிமிர்த்தாமல், "உம்" என்றேன்.

காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தபோது, முதல் தெருவிலேயே தறியில் ஏற்றுவதற்கான பாவு நீட்டியிருந்தார்கள். தெருவின் பாதி நீளத்துக்குச் சிவப்புப் பட்டு இழைகள். இரு பக்கமும் ஆட்கள். அதைப் பிடித்திருந்தவர் ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் நெய்தவர். இந்த முறை தன் மகளுக்கே நெய்யப்போகிறாராம். ஒதுங்கி வழிவிட்டார்கள். நீங்கள் ஓரமாக ஊர்ந்து கடந்து, தெருக்கோடியில் மதகு மேட்டில் ஏறினீர்கள்.

மேட்டில் தடக்கென்று ஒரு குதிப்பு. ஆணி துள்ளிக் கழன்றது. திரும்பிப் பார்த்தேன்: மரம் ஏற்றிய வண்டி பின்னால் நகர்ந்தது. சரிவின் அடியில் அந்தச் சிவப்புப் பாவு.

சங்கிலிகள் இரண்டும் விறைத்தன. தண்டு விழுந்து அவற்றின் மேல் படுத்தது. வண்டி அப்படியே தொங்கி நின்றது. நாலு பேர் ஓடிவந்து சக்கரத்துக்கடியில் கல் வைத்தார்கள்.

பாவுக்காரர் மூச்சு வாங்க மேலே வந்தார். "நீ வண்டிய ஓட்டிக்கினு வரியாபா, இல்ல வண்டி உன்னை ஓட்டிக்கினு வருதா?"

"ஊசி போட மறந்துட்டேன்பா. வயசாய்க்கினு வருது" என்றீர்கள். உங்களுக்கு அப்போது முப்பத்திரண்டு.

பிறகு என் பக்கம் வந்தீர்கள். மடியிலிருந்த புத்தகத்திலிருந்து ஊசியின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பார்த்தீர்கள். நான் எடுக்கப்போனேன். "இருக்கட்டும்மா. பக்கம் தவறிடப் போவுது" என்று சொல்லிவிட்டு, பாவுக்காரரின் மனைவியிடம் ஒரு நிஜக் கொண்டை ஊசியை வாங்கி, ஆணியில் செருகி முறுக்கினீர்கள். அதோடுதான் வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் புது ஊசி செய்து, அதைத் தண்டோடு சிறு சங்கிலியால் பிணைத்துவிட்டீர்கள். இனி யாரும் அதைக் கழற்றிக்கொண்டு போக முடியாது.

அதன் பிறகு எத்தனை வீட்டில் அந்தக் கதையைச் சொன்னீர்கள்! ஒவ்வொரு முறையும் மறந்தவர் நீங்களேதான். ஒரு பொங்கலன்று பாவின் நிறம் பச்சை என்று சொன்னீர்கள். "சிவப்பு, மாமா. சரியாகச் சொல்லுங்கள்" என்று எல்லோர் முன்பும் திருத்தினேன். ஒரு கணம் என்னைப் பார்த்தீர்கள். "ஆமாம்மா, செவப்புதான்" என்று மேலே சொல்லிக்கொண்டு போனீர்கள்.

நிறத்தைத் திருத்தினேன், மாமா. ஆளைத் திருத்தவில்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லப்போகிறேன். பிறகு அந்தப் பாவுக்காரர் வீட்டுக்கும் போய், தலையை நிமிர்த்திச் சொல்வேன். அவருக்குச் சிரிப்பு வந்தாலும் வரலாம். அதுவரைக்கும் ஊசி அதே நதிகள் பாடத்திலேயே இருக்கட்டும். இப்போதுதான் வைத்தேன், கால்கள் தெரியாதபடி உள்ளே தள்ளினேனா என்று பார்ப்பதற்குள் விளக்கை அணைக்கச் சொல்லி மணி அடித்துவிட்டார்கள்.