விளக்கை அணைத்தவன் நான்தான், மச்சான்

அன்புள்ள மச்சான்,

அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இங்குள்ள சேதியைச் சொல்கிறேன். பாப்பா பி.யு.சி.யில் சேர்ந்துவிட்டாள். கணக்கில் உங்களைப் போல, கோபத்தில் அக்காவைப் போல. அக்கா நைட் டியூட்டியை விட்டுப் பகல் வார்டுக்கு மாறிவிட்டாள். கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் எல்லோரும் பூவும் மெழுகுவத்தியுமாக வந்தோம், அவள் மட்டும் வரவில்லை. பார்த்திருப்பீர்கள்.

அதுவரை அவளுக்கு உங்கள் மேல் கோபம். "எல்லாரும் அந்தத் திருப்பத்துல ஒழுங்கா திரும்பியிருக்காங்க. இவருக்கு மட்டும் கண்ணு எங்க போச்சு? டைம் பாக்கறேன்னு போனைப் பாத்துட்டே ஓடியிருப்பாரு. பொண்டாட்டி புள்ள நெனப்பு இருந்தா பாத்து கால் வெச்சிருப்பாரு." ஒரு வருடமாக இதே பேச்சு. உங்கள் படத்தை பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கு இதைச் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது.

மேல்கோட்டைக்கு அந்தப் பக்கத்துக் குன்றுகளில் இரவு ஓட்டம், முப்பது கிலோமீட்டர். எல்லோர் நெற்றியிலும் ஹெட்லாம்ப். வழி திரும்பும் இடங்களில் செடியில் மினுங்கும் ரிப்பன் கட்டியிருப்பார்கள். நேராகப் பார்த்தால்தான் கண்ணில் படும். கேரம், ஷட்டில், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்று எதிலும் நான் உங்களை ஜெயித்ததில்லை. அன்றுதான் முதல் தடவையாக நான் முன்னால் ஓடினேன். கீழேயிருந்து நீங்கள் கத்தினீர்கள்: "ஓடு சேவியர், ஓடு. உன் லைட்டப் பாத்துட்டேதான் வர்றேன். கடைசில தாண்டிடுவேன்."

இரவில் ஓடுகிறவர்களிடம் ஒரு குறும்பு உண்டு. பின்னால் வருகிறவர் நம் வெளிச்சத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்குப் போடுவார். லாம்பை அணைத்துவிட்டால், இவன் எங்கேயோ போய்விட்டான் என்று அவருக்கு மனசு விட்டுப்போகும். அன்று நல்ல நிலா. திருப்பத்தில் இடதுபக்கம் ஏறியதும் அணைத்தேன். மச்சானை ஒரு தடவையாவது தவிக்கவிடலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

கீழே ஊரில் எரிந்த ஏதோ ஒரு விளக்கை நான் என்று நினைத்திருப்பீர்கள். திரும்பாமல் நேரே போய்விட்டீர்கள். அந்தப் பக்கம் பழைய கல்குவாரி. நான் கழுத்தில் மெடலும் கையில் டீயுமாக, நீங்கள் வந்ததும் என்ன சொல்லிக் கிண்டல் செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விடிந்த பிறகுதான் உங்களைக் கண்டுபிடித்தார்கள்.

எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "பின்னாடிதான் வந்துட்டிருந்தாரு" என்றேன். அதில் பொய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் அக்கா போட்ட சோற்றிலேயே செய்தேன். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னேன். அவர் கடவுள் பெயரால் மன்னித்துவிட்டார். எனக்கென்னவோ அது ஒட்டவில்லை. மன்னிக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள் அல்லவா?

கல்லறைத் திருநாளன்று உங்களிடமிருந்து நேரே மண்டி மொஹல்லாவில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே உங்களைத் திட்ட ஆரம்பித்தாள்.

"அக்கா, மச்சான் போனப் பாக்கல. நான்தான் லாம்ப ஆஃப் பண்ணேன்."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எவ்ளோ நேரம்?" என்றாள்.

"நாலு நிமிஷம் இருக்கும்க்கா."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஒரு வருஷமா அவர வாய்க்கு வந்தபடி திட்டுனேன். நீ என் சோத்தத் தின்னுட்டே கேட்டுட்டிருந்த."

பீரோவைத் திறந்து உங்கள் படத்தை எடுத்து முந்தானையால் துடைத்தாள். "என்னங்க, தெரியாம பேசிட்டேங்க" என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள். அவள் உங்களுக்காக அழுது அன்றுதான் பார்த்தேன். என்னிடம் "போ" என்ற ஒரு வார்த்தைதான்.

மறுநாள் பாப்பா போன் செய்தாள். "அம்மா தனியா கல்லறைக்குப் போய்ட்டு வந்தாங்க மாமா. ஊட்டாகூட பண்ணாம, ஒரு வாய் சாப்பிடாம படுத்துட்டாங்க." மூன்று வாரமாகிறது. இப்போதெல்லாம் டியூட்டி முடிந்ததும் அக்கா உங்களிடம்தான் வருகிறாளாமே. என்ன பேசுகிறாள், மச்சான்? என்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாளா? எனக்கு அவள் இன்னும் கதவைத் திறக்கவில்லை. அதில் எனக்கு வருத்தப்பட உரிமையும் இல்லை.

ஆனால் அன்று அவளிடம் சொன்னதிலும் ஒன்றை விட்டுவிட்டேன். லாம்பை அணைத்த பிறகு கீழேயிருந்து உங்கள் குரல் கேட்டது. "சேவியர், எங்கடா இருக்க? எந்தப் பக்கம் திரும்பணும்?" இரண்டு தடவை கேட்டீர்கள். நான் பாறையோரம் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

வரும் ஞாயிறு போகிறேன். அவள் கதவைத் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி, வாசலில் நின்றாவது இதையும் சொல்லிவிடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீங்கள் கூப்பிட்டும் பதில் சொல்லாத உங்கள் மச்சினன்,
சேவியர்