ஒரு சைஸ் பெரிய லைஃப் ஜாக்கெட்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நானும் நம் வாலும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. காய்ச்சலில் கிடந்தால்கூட "எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்" என்றுதான் சொல்வீர்கள். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். மணி அடித்ததும் மகள்தான் பாய்ந்து எடுக்கிறாள். எனக்குத் தந்த பிறகும் என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். உங்களோடு வேலை செய்கிறவர் லீவு முடிந்து நாளை கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

குளியலறைக் குழாய் ஒழுகுவது ஒரு வழியாக நின்றது. தையல் கடையில் இது பள்ளிச் சீருடை சீசன், பெண்டு கழன்றுவிடுகிறது. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறையில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். துடுப்புப் படகுப் போட்டிக்காக நீங்கள் அனுப்பிய லைஃப் ஜாக்கெட் அவளுக்குப் பெரியது. கோபப்படாதீர்கள். வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் கூடவே இருக்கட்டும் என்று வாங்கிவிட்டீர்கள். சீருடை என்றால் மடித்துத் தைத்துவிடுவேன். இதில் ஊசி போட்டால் உள்ளே இருக்கிற மிதவை கெட்டுவிடும் என்று பயிற்சி கொடுக்கிற கோச் அக்கா சொல்லிவிட்டார். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவள் வீட்டில் இருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஆச்சரியப்படுத்த வேண்டுமாம்! நன்றாக ஆச்சரியப்பட்டோம்.

போன வாரம் சோதனை வைத்தார்கள். வார்களை இழுத்து இறுக்கிவிட்டு, கரையோரத்தில் மிதக்கச் சொன்னார்கள். மற்ற பிள்ளைகளுக்கு ஜாக்கெட் மார்போடு நின்றது. நம் பிள்ளைக்கு மேலே ஏறி மூக்கு வரை வந்துவிட்டது. ஓட்டுக்குள் போன ஆமை மாதிரி கண் மட்டும்தான் தெரிந்தது. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படகு கவிழ்ந்து அப்படி ஏறிக்கொண்டால் எப்படி மூச்சு விடுவாள்? கவிழாவிட்டாலும் துடுப்பை வீச முடியவில்லை, அக்குள் இரண்டும் உரிந்திருக்கின்றன. பந்தயத்துக்கென்று இருக்கிற ஜாக்கெட் வேறு மாதிரி. கைப்பக்கம் அகலமாக வெட்டியிருக்கும், இடுப்பு திரும்ப வசதியாகக் குட்டையாக இருக்கும். வயதைப் பார்த்து வாங்குவதில்லை, மார்புச் சுற்றளவும் எடையும் பார்த்துத்தான். கிளப்பில் அவள் அளவுக்கு ஒன்று இருக்கிறது. வெளுத்துப் போனது, ஆனால் கச்சிதம். "அதைப் போட்டா போட்டிக்கு வா, இல்லேன்னா வேண்டாம்" என்று கோச் அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்.

இவள் மாட்டேன் என்கிறாள். மாதக் கடைசியில் போட்டி. வருஷம் முழுக்க விடிந்ததும் எழுந்து ஓடியவள், "அப்பா வாங்கினதைப் போடக் கூடாதுன்னா நான் போகவே இல்ல" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். உயரத்தில் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள், பிடிவாதத்தில் சாட்சாத் நீங்களேதான்.

நானும் வெறும் பாசம் என்றுதான் நினைத்தேன். சோதனை அன்றைக்குக் கூட இருந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "உங்கப்பா இதை யாருக்கு வாங்கினாரு?" என்று கேட்டிருக்கிறாள். இவள் சட்டென்று, "நான்தான் பெருசா வேணும்னு கேட்டேன்" என்றாளாம். கோச் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இவள் எங்கே கேட்டாள்? பார்சல் வரும்வரை அவளுக்கு ஒன்றுமே தெரியாதே! அப்பாவுக்குத் தன் அளவு தெரியவில்லை என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். அதற்காகப் போட்டியையே விட்டுவிடத் துணிந்திருக்கிறாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் போகும்போது அவளுக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்தது. அங்கே இருந்தபடி மனசுக்குள்ளேயே வளர்த்திருக்கிறீர்கள். கொஞ்சம் கூடவே வளர்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல் நீங்களே பேச்செடுங்கள். "அப்பா அளவு தெரியாம வாங்கிட்டேன் கண்ணு, உன் அளவு என்ன, நீயே சொல்லு" என்று கேளுங்கள். நீங்களே ஒத்துக்கொண்டுவிட்டால் அவள் யாருக்காகவும் பொய் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெளுத்ததைப் போட்டுக்கொண்டு பயமில்லாமல் தண்ணீரில் இறங்குவாள். லீவும் கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் மறுபடியும் கேளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நானும் கொஞ்சம் இளைத்துத்தான் போயிருக்கிறேன். அவளைக் கேட்கிற கையோடு என்னையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி