சத்தத்தை அடைத்துவிட்டு ஆடிய ஆட்டம்

அக்கா,

நாம் ஆடிய அந்த விளையாட்டுக்குப் பாட்டு உண்டு. நேற்று மதியம்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

பரணில் கிடந்த டிவி கேம் டப்பாவை இறக்கித் துடைத்து, ஸ்டோர் ரூமில் தூக்கிப்போட மனசில்லாமல் வைத்திருக்கும் குண்டு டிவியில் மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் அப்படி ஒரு சத்தம். சாமி புறப்பாட்டுக்கு மேளம் கொட்டுகிற மாதிரி தடதடவென்று அடித்துக்கொண்டு வந்தது. பதறிப்போய்ச் சத்தம் குறைக்கிற பட்டனை அமுக்கப் போனேன். அப்புறம்தான் உறைத்தது, வீட்டில் யாரும் தூங்கவில்லை, நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று. நீங்கள் போய் இருபது நாள் ஆகிறது. இரண்டு வருஷம் ஆடினோமே, ஒரு நாளாவது இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறோமா?

எப்படிக் கேட்டிருப்போம். திருவானைக்காவல் வீட்டில் நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். அண்ணன் தம்பி இருவருக்கும் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. விடிவதற்கு முன்னால் போகிறவர்கள் பதினோரு மணிக்குத் திரும்பி வந்து, சாப்பிட்டு, ஐந்து மணிவரை தூங்குவார்கள். அதுவரைக்கும் அந்த வீட்டில் ஒரு கரண்டி கீழே விழக்கூடாது. துபாயிலிருந்து வந்த என் தம்பி, பிள்ளைகளுக்கென்று இந்த டிவி கேமைக் கொண்டுவந்து கொடுத்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் அது சும்மா கிடக்கும். "ரெண்டு பேர் ஆடலாம்னு போட்டிருக்கேடி. வா, என்னதான் இருக்குன்னு பாப்போம்" என்று முதலில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது நீங்கள்தான். நான் இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

பிள்ளைகளுக்குக் கார் ஓட்டுகிற கேசட் பிடிக்கும். நமக்குச் சுடுகிற கேசட். இரண்டு சிப்பாய்கள், ஆளுக்கொரு துப்பாக்கி, ஓடிக்கொண்டே சுடவேண்டும். நின்று யோசித்தால் செத்தோம். நீல பேன்ட் எனக்கு, சிவப்பு பேன்ட் உங்களுக்கு. டிவியில் சத்தம் இல்லாததால் நீங்கள் வாயாலேயே மெதுவாக "டப்பு, டப்பு" என்று சொல்லிக்கொண்டே சுடுவீர்கள். சிப்பாய் குதித்தால் நீங்களும் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு எம்பு எம்புவீர்கள். பெரிய பீரங்கி ஒன்று வெடித்துச் சிதறினால், "ஒழிஞ்சான்" என்று காதுக்குள் சொல்வீர்கள். நாள் முழுக்க யாரையும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத நீங்கள்தான் அப்படிச் சொல்வீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அருவி வருகிற இடத்தில் மட்டும் உங்களுக்கும் எனக்கும் ஆகாது. அங்கே மேலே மேலே பாறையில் தாவி ஏற வேண்டும். முன்னால் ஏறுகிறவளோடு படமும் மேலே நகரும். பின்னால் நிற்கிறவள் படத்துக்குக் கீழே போய்ச் செத்துவிடுவாள். எதிரி வேண்டாம், குண்டு வேண்டாம், கூட வருகிறவளின் அவசரமே போதும். நான் பொறுத்து ஏறினதே இல்லை. "ஏண்டி, உன் அவசரத்துக்கு நான் சாகணுமா? செத்த நில்லேன்" என்பீர்கள். நான் நிற்கமாட்டேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. முன்கோபம் ஒரு பக்கம், அவசரம் ஒரு பக்கம். இரண்டும் இன்னும் போகவில்லை.

நேற்று இரண்டு பேர் ஆட்டத்தைத்தான் போட்டேன். பழக்கதோஷம். நீல பேன்ட்காரன் ஓடினான், சிவப்பு பேன்ட்காரன் இறங்கிய இடத்திலேயே நின்றான். அவன் நகராமல் படம் நகரவில்லை. எதிரே ஓடி வந்தவர்கள் அவன் மேலேயே மோதினார்கள். விழுந்தான், மறுபடி எழுந்தான், மறுபடி அதே இடத்தில் நின்றான். மூன்று தடவை. அதற்குப் பிறகு அவன் வரவில்லை, படம் நகர ஆரம்பித்தது. நான் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன் அக்கா. ஐம்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை டிவி கேமைப் பார்த்து அழுதாள் என்று யாராவது கேட்டால் சிரிப்பார்கள்.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் முடியாது. இருபத்தெட்டு வருஷமாக நான் யாரிடமும் அதைப் பேசவில்லை.

அந்த டப்பாவில் விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர வழி கிடையாது. அணைத்தால் முதலிலிருந்துதான். நான்கு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடும், அதற்குள் கடைசிவரை போக நம்மால் முடியாது. நீங்கள்தான் வழி கண்டுபிடித்தீர்கள். ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைத்துவிட்டு, டிவியை மட்டும் அணைத்து, டப்பாவின் சிவப்பு விளக்கு தெரியாமல் கரித்துணியைப் போட்டு மூடி, சூடேறும் அடாப்டருக்கு அடியில் பித்தளைத் தாம்பாளத்தை வைத்தீர்கள். பிள்ளைகளிடம் "டப்பா ரிப்பேர்" என்றோம். மின்சாரமும் நம் பக்கம் இருந்தது. செவ்வாய்க்கிழமை அருவியைத் தாண்டினோம். அன்றைக்கு மட்டும் நான் நின்று நின்று ஏறினேன். புதன்கிழமை பனி மலையைத் தாண்டி, சுவரெல்லாம் இறைச்சி மாதிரி துடிக்கிற ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்தோம். அதுதான் கடைசி. அதற்கு முன்னால் நாம் பார்க்காத இடம். உங்களிடம் இரண்டு உயிர், என்னிடம் ஒன்று. மணி நான்காகப் பத்து நிமிஷம். "நாளைக்கு முடிச்சிடலாம். முடிச்சா என்ன வரும்?" என்றீர்கள். "என்னத்த வரும், மாலை போடுவாங்க" என்றேன். அந்த இரவு துணிக்கடியில் அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது தொட்டுப் பார்த்ததாகக் காலையில் காதோடு சொன்னீர்கள்.

வியாழக்கிழமை மண்டியிலிருந்து இரண்டு பேரும் சண்டையோடு வந்தார்கள். கல்லாவில் யார் உட்காருவது என்று ஆரம்பித்தது, யார் வீட்டுப் பெண் வந்த பிறகு குடும்பம் கெட்டது என்பதில் வந்து நின்றது. உங்கள் வீட்டுக்காரர் என் பிறந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் அடுக்களை நிலைப்படியில் தலை குனிந்து நின்றீர்கள், வாயைத் திறக்கவில்லை. உங்கள் வாய் எப்போதுமே திறந்ததில்லை, எனக்குத் தெரியும். அந்த நிமிஷம் அது தெரியவில்லை. நீங்களும் அந்தப் பக்கம்தான் என்று என் புத்தி சொன்னது.

"எங்க வீட்டுப் பொருள் எதுவும் இங்க இருக்க வேணாம்" என்று கத்திக்கொண்டே போய், கரித்துணியை இழுத்தெறிந்து, பிளக்கைப் பிடுங்கினேன்.

கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம், தம்பி வாங்கித்தந்த பொருளைக் கோபத்தில் எடுத்துக்கொண்டு போகிறாள் என்பதுதான் தெரிந்தது. அது என்ன என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நான் பிடுங்கும்போது உங்களைப் பார்த்துக்கொண்டேதான் பிடுங்கினேன் அக்கா. வேண்டுமென்றே. நீங்கள் ஒரு கையை முன்னால் நீட்டினீர்கள், அப்புறம் இறக்கிக்கொண்டீர்கள். அண்ணன் தம்பி சண்டை ஊருக்கே கேட்டது. நமக்குள் நடந்ததற்குச் சத்தமே இல்லை.

அடுத்த மாதம் நாங்கள் ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பஸ்ஸில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை நான் தாண்டவில்லை. கல்யாணங்களில் பார்த்துக்கொண்டோம். "வாங்க, சௌக்கியமா, பிள்ளைங்க நல்லா இருக்காங்களா" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி பேசிக்கொண்டோம். துறையூரில் ஒரு கல்யாணப் பந்தியில் நீங்களாக வந்து என் பக்கத்து இலையில் உட்கார்ந்தீர்கள். ரசம் ஊற்றுகிறவன் போகும்வரை காத்திருந்து, "அது முடிஞ்சா என்ன வரும்னு பாத்தியா?" என்று கேட்டீர்கள்.

நான் பார்த்திருக்கவில்லை. டப்பாவை அன்றைக்குப் பரணில் ஏற்றியதோடு சரி. அதைச் சொல்லியிருந்தால் போதும். "எனக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்றேன். நீங்கள் சிரித்தமாதிரி செய்துவிட்டு அப்பளத்தை நொறுக்கினீர்கள். வலிய வந்து கேட்டவரின் முகத்தில் நான் கதவைச் சாத்தினேன். வீட்டுக்கு வந்து, நன்றாகத் திருப்பிக் கொடுத்தேன் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு எந்த முகத்தோடு உங்கள் முன்னால் வருவது? சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டும் எட்டு நாள் கழித்துத்தான் வந்தேன். உங்கள் வீட்டுக்காரர் நாற்காலியை எனக்கு நகர்த்திவிட்டு வெளியே போனார். கேட்க வேண்டிய மன்னிப்பைப் பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்திருந்தேன். வந்து உட்கார்ந்து என்ன பேசினேன்? வெயில், தண்ணீர் வராதது, சாத்துக்குடி புளிக்கிறது. அரை மணி நேரம். எழுந்து, "போயிட்டு வரேங்க்கா" என்றேன்.

"எப்ப?" என்றீர்கள்.

எல்லோரும்தான் போயிட்டு வரேன் என்கிறோம். இதுவரை யாரும் என்னிடம் எப்போது என்று திருப்பிக் கேட்டதில்லை. "வெள்ளிக்கிழமை" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பத்தான் கிளம்பினேன். "ஒருதரம் பாத்தாச்சுல்ல? அவங்கள்ல யாரு நம்ம வீட்டுப் படியேறினாங்க?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் தடுக்கவில்லை, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். எனக்கு அது சௌகரியமாகப் போயிற்று. அப்பாடா, இன்னொரு நாள் தள்ளிப்போட்டாயிற்று என்று புடவையை மாற்றிவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது.

நேற்று தனியாக ஆடிப் பார்த்தேன். விரல் மடங்கவில்லை, அருவிகூட வரவில்லை. முடிவில் என்ன வரும் என்று போனில் தேடிக் காட்டுகிறேன் என்று என் மகள் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். தெரிந்துகொண்டு யாரிடம் சொல்வது? டப்பாவை மறுபடி மூட்டை கட்டிவிட்டேன். காலம் ஆற்றும் என்கிறார்கள். எனக்கு இது ஆற வேண்டாம், ஆறப்போவதும் இல்லை.

உங்களை எடுத்த பிறகு, பின்கட்டில் உங்கள் மகள் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அவளுக்கு நம் கதை எதுவும் தெரியாது. ஏதாவது பேசவேண்டுமே என்று பேசுகிற குரலில்தான் பேசினாள்.

"வெள்ளிக்கிழமை அம்மா நல்லாத்தான் இருந்தாங்க சித்தி. தலை சீவி விடச் சொன்னாங்க, நல்ல புடவையா கட்டி விடச் சொன்னாங்க. யாரோ வராங்கன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் படுக்கவே மாட்டேன்னுட்டாங்க. யாருன்னு கேட்டா, நீ சின்னப் பிள்ள, உனக்குத் தெரியாதுன்னு ஒரே சிரிப்பு."

தண்ணீரைக் குடித்து முடித்தேன். சாவு வீடு என்பதால் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன்.