உங்கள் தலையில் பூசிய சாயம்

என்னங்க,

உங்கள் பெயரை வாயால் சொன்னதில்லை, எழுதவும் கை வரவில்லை. இப்படியே தொடங்குகிறேன்.

காலையில் உடைத்த வாத்து முட்டை ஒன்று அழுகியிருந்தது. குமட்டிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். முட்டைக்காக இல்லை. அந்த நாற்றத்தோடு நீங்கள் வந்து நின்றீர்கள். செத்துப்போன புருஷனை நினைக்க மற்ற பெண்டாட்டிகளுக்கு மல்லிகை இருக்கிறது, சந்தனம் இருக்கிறது. எனக்கு வாய்த்ததைப் பாருங்கள்!

ரப்பர் விலை விழுந்து, பினாங்குத் துறைமுகத்தில் கப்பல் குறைந்துபோன காலம் அது. நீங்கள் கிடங்கில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தீர்கள். திங்கட்கிழமை துரை ஆட்களை வரிசையில் நிறுத்திப் பார்க்கப்போகிறார், கிழடுகளைக் கழித்து நாகப்பட்டினக் கப்பலில் ஏற்றிவிடுவார் என்று பேச்சு. நீங்கள் கிழடு இல்லை. நாற்பதைத் தாண்டியவர், அவ்வளவுதான். தலை மட்டும் பஞ்சு. உங்கள் ஊர்க்காரர், கூட்டாளி முத்தையாவுக்கும் அப்படித்தான். உங்களைவிட இளையவர், "அண்ணே, அண்ணே" என்று உங்களையே சுற்றி வருவார். வேலை போனால் வண்ணாந்துறை வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விட்டுக் கப்பலேற வேண்டும். ஊரில் நமக்கு என்ன இருந்தது?

சௌராஸ்தா சந்தையில் எவனோ விற்றான் என்று ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசவேண்டிய இரண்டு புட்டிச் சாயம் வாங்கி வந்தீர்கள். முதல் புட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க அழுகல் முட்டை நாற்றம். ச்சீ! அதை மனுஷன் தலையில் பூசுவானா? பூசினீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்று காலையில்தான் வழக்கம்போல் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தேன். அதன் மேலேயே பூசிக்கொண்டீர்கள். பாதி இடத்தில் சாயம் பிடிக்கவே இல்லை. பிடித்த இடமும் கறுப்பில்லை, சாக்கடைக் கல்லில் படிந்த பாசியின் நிறம். நெற்றியிலும் காது மடலிலும் மட்டும் அருமையாகப் பிடித்திருந்தது.

அடுத்த வீட்டில் நாம் லாத்தா என்று கூப்பிடும் முஸ்லிம் அக்காவின் வீட்டுக்காரர் தாடிக்கு மருதாணி பூசுகிறவர். லாத்தாவிடம் ஓடினேன். வந்து பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எண்ணெய எடுக்காம யாராச்சும் சாயம் போடுவாங்களா? மருதாணி தர்றேன். ஆனா அதுக்கு மேல அவுரிப் பொடி போட்டாத்தான் கருக்கும். எங்கிட்ட அவுரி தீந்துபோச்சு லா, பாசார்ல வாங்கிக்கிட்டு அப்புறமா போடுங்க."

உங்களுக்குப் பொறுமை ஏது? அவுரி வருவதற்குள் மருதாணியை அப்பிக்கொண்டீர்கள். வெள்ளையாக இருந்த இடமெல்லாம் செம்பட்டையாகிவிட்டது. பாசித் திட்டு ஒன்று, செம்பட்டைத் திட்டு ஒன்று. தெருப்பூனைகூட அந்த நிறத்தில் பிறக்காது.

பிறகு சீயக்காய், எலுமிச்சை, புளித்த மோர், கடைசியில் மண்ணெண்ணெய். ஒன்றுக்கும் சாயம் அசையவில்லை, நாற்றம்தான் கூடியது. பிள்ளைகள் வாசலுக்குப் போய்விட்டார்கள். அந்தத் தலையை மடியில் வைத்துத் தேய்த்தவள் நான். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, "சிரைச்சுடு" என்றீர்கள். நாவிதரிடம் போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

"கட்டினவ கையால மொட்டையா? குடும்பம் விளங்குமா?"

"கப்பல்ல ஏத்திவிட்டா மட்டும் விளங்குமா? கத்திய எடு."

எடுத்தேன். மீசையும் பாசி நிறத்தில் இருந்ததால் அதையும் மழித்தேன். மழித்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. தலையும் மீசையும் எடுத்த ஆண்பிள்ளையைப் பார்த்தால் நம்மவர்கள் என்ன கேட்பார்கள் என்று தெரியாதா?

"அப்பா போயிட்டாருன்னு சொல்லிக்கிறேன்" என்றீர்கள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற குரலில். மாமா ஊரில் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருந்தார்.

அந்தப் பொய் பலித்தது. கிடங்கில் ஆட்களை மேய்க்கும் தண்டல்காரர் துக்கம் விசாரித்துத் துரையிடம் சொன்னாராம். துரை தொப்பியைக் கழற்றி மரியாதை காட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனாராம். அடுத்து நின்றவர் முத்தையா. வெள்ளைத் தலை. அவரைக் கப்பலுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் அவர் நம் வீட்டுக்கு வந்தார். தன் வேலை போனதைப் பற்றி ஒரு பேச்சில்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் அப்பாவுக்காக அழுதார்.

"கவலப்படாதீங்கண்ணே. நான்தான் ஊருக்குப் போறேன்ல? மொதல்ல உங்க வீட்டுக்குத்தான் போவேன். அம்மாவப் பாத்து ஆறுதல் சொல்லிட்டுத்தான் எங்க வீட்டுப் பக்கமே போவேன்."

நீங்கள் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு அந்தப் புட்டி நாற்றமே தேவலை என்றிருந்தது. அவர் போனதும், "நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். இரண்டு நாள் கேட்டேன்.

கப்பலேறும் நாளில் படகுத்துறையில்தான் சொன்னீர்கள். முத்தையா உங்கள் மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மயிருக்காகவா அண்ணே, உசுரோட இருக்கிற அப்பனக் கொன்னீங்க?"

த்தூ என்று கடல் பக்கம் துப்பிவிட்டு, தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகில் இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை.

யாருக்காகச் செய்தீர்கள் என்று தெரியாதவள் இல்லை நான். அந்தச் சம்பளத்தில்தான் சோறு தின்றோம், பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் நரை வெளியே தெரிந்தால் அடுத்த கப்பல் நமக்கு என்ற பயம் உங்களை விடவே இல்லை. அப்பா நினைவாகத் தண்ணீர்மலை முருகனுக்கு மொட்டை வேண்டுதல் என்று தண்டல்காரரிடம் இன்னொரு கதை. வாராவாரம் மழித்தேன். சாயமும் நாற்றமும் எப்போதோ போய்விட்டன. ஆனாலும் ஒவ்வொரு தடவை அந்தத் தலையைத் தொடும்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கும். உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். அதற்குமேல் உங்களை யார் வரிசையில் நிறுத்தப்போகிறார்கள்? மழிப்பதை விட்டுவிட்டேன். முடி வளர்ந்தது, ஒன்றுகூடக் கறுப்பில்லை. நீங்கள் போன அன்று நாவிதர் வந்து, "எப்பவும் மொட்டைதானே, தலையையும் மழிச்சிரலாமாம்மா?" என்று கேட்டார்.

"முகத்துக்கு மட்டும் போதும். தலையில கத்தி படக்கூடாது" என்றேன்.

எண்ணெய் வைத்து நானே வாரிவிட்டேன். மெத்தென்று இருந்தது. அந்த மெத்து இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் உங்கள் தலையைக் கூசாமல் தொட்டேன்.