சிப்பிக்கடைக்கு வழி சொன்னவன்

15 மார்ச் 1943, திங்கள். ஜப்பான்காரன் ஆட்சி வந்ததிலிருந்து ஆபீஸ் காகிதத்தில் அவன் வருஷக் கணக்குப்படி 2603 என்று எழுத வேண்டும். இந்த டைரியில் எழுத மாட்டேன்.

போன மாதம் ஜப்பான் அதிகாரி, கடலோரத்தில் நல்ல சிப்பி எங்கே சாப்பிடலாம் என்று கேட்டான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாத கடையா என்ற திமிர். உஜோங் பாசிர் கிராமம் தாண்டி அஞ்சலை அக்கா கடை என்று சொல்லி, காகிதத்தில் வழியும் வரைந்து கொடுத்தேன். தோளில் தட்டினான். நானும் பல்லிளித்தேன்.

இன்று சைக்கிளை மிதித்துக்கொண்டு அங்கே போனேன். பெஞ்சுகள் கவிழ்ந்து கிடந்தன. அக்கா மட்டும் தனியாக உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள். அத்தனையும் ஜப்பான் பட்டாள முகாமுக்காம். தினமும் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகிறதாம்.

"எவனோ படம் போட்டுக் குடுத்திருக்கான் தம்பி. நம்மாளுதான். இல்லாட்டி இந்தச் சந்து அவனுங்களுக்கு எப்படித் தெரியும்?"

கவிழ்ந்து கிடந்த பெஞ்சு ஒன்றை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தேன்.

"லாரி வர்றதுக்குள்ள சாப்பிட்டுரு" என்று, எனக்காக ஒளித்து வைத்திருந்த சிப்பி வறுவலை மரவள்ளிக்கிழங்கோடு கொண்டுவந்து வைத்தாள்.

சாப்பிட்டேன். ருசி கொஞ்சமும் குறையவில்லை.

இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்டாள். வைக்கச் சொன்னேன்.