நான்காவது சக்கரம்

19.11.1994, சனி

இடுப்பு விட்டுப்போகிறது. ஒன்றரை வயதாகியும் பாப்பா நடக்கவில்லை. தாம்பரம் கடைத்தெரு முழுக்கத் தூக்கிக்கொண்டுதான் அலைகிறேன். அதற்காகத்தான் இன்று அவளை உட்காரவைத்துத் தள்ளும் வண்டி வாங்கப் போனோம்.

மூன்று சக்கரம் வைத்த சின்ன வண்டிதான் வசதி, மடித்து மின்சார ரயிலில் ஏற்றிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். வழியில் பூக்காரம்மாவிடம் இவர் உற்சாகமாக, "பாப்பாவுக்கு மூணு சக்கர வண்டி வாங்கப் போறோம்" என்றார்.

"அய்யோ, புள்ளைக்குக் கால் வராதாம்மா? டாக்டர் இன்னா சொன்னாரு?"

இவர் சிரித்துவிட்டார். "கையால சுத்துற வண்டி இல்லக்கா, தள்ளிக்கிட்டுப் போறது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பத்து மாதத்திலேயே நடந்துவிட்டான்.

கடையில் நான்கு சக்கர வண்டியைக் கைகாட்டினேன்.

"இது நம்ம கேட்டுலயே நுழையாதே!"

"இதுதான் வேணும்."

காரணம் சொல்லவில்லை. அவர் பர்ஸை எடுத்தார்.

வண்டி நுழையவில்லைதான். வெளியே மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. பாப்பா தூங்குகிறாள். சற்றுமுன் அவள் உள்ளங்காலை நகத்தால் லேசாகச் சுரண்டினேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

இன்னொரு காலையும் பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும்.