பிறந்த வீட்டுக் கோடி

ஈப்போ, 1978

அன்புள்ள மச்சானுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"அக்கா தவறிவிட்டாள், ஐஸ் வைத்திருக்கிறோம், உடனே வா" என்ற உங்கள் தந்தி கிடைத்ததும், அக்காவுக்குப் போர்த்த ஓர் அரக்குச் சேலை வாங்கிக்கொண்டு, டாக்சி பிடித்துக் கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு ஓடினேன். மெட்ராஸ் விமானத்தை ரத்து செய்திருந்தார்கள்.

கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண். "பணம் திரும்ப வேணுமா அண்ணே, இல்ல நாளன்னைக்குப் பிளைட்ல போறீங்களா? அதுவரைக்கும் ஹோட்டல், சாப்பாடு எல்லாம் கம்பெனி கொடுக்கும்லா." வேறு கம்பெனி விமானத்தில் ஏற்றிவிடச் சொன்னேன். அதிலும் இடமில்லையாம்.

"நான் போக வேணாம்மா. இது பிறந்த வீட்டுக் கோடி. இதை மட்டுமாவது அனுப்பிவுடு."

"சேலைக்கும் அதே பிளைட்தான் அண்ணே" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹோட்டலில் மெத்தை நன்றாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்குக் கோழி போட்டார்கள். மறுநாள், இந்நேரம் தூக்கியிருப்பீர்கள் என்று தோன்றியதும், பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இனி எதற்கு விமானம்?

சேலை மடிப்புக் கலையாமல் பையிலேயே இருக்கிறது. நடந்ததையெல்லாம் எழுதுங்கள் மச்சான். அக்காவுக்குக் கோடி போட்டது யார் என்பதை மட்டும் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
அவளுக்கிருந்த ஒரே தம்பி